இடப்பக்கத்து ரெட்டெம்மா

மதனப்பள்ளி தக்காளி மண்டியில் போய் ரெட்டெம்மா எங்கே என்று கேட்டால், எந்த ரெட்டெம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். குர்ரம்கொண்டா பக்கத்து மலையம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பெண்களுக்கெல்லாம் அந்த அம்மன் பெயரைத்தான் வைக்கிறார்கள். பழம் பிரிக்கிறவள், பெட்டி அடுக்குகிறவள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவள் என்று திரும்பிய பக்கமெல்லாம் ரெட்டெம்மாக்கள். லாரி ரெட்டெம்மா என்று சொல்லிவிட்டால் பிறகு கேள்வியே இல்லை. தலையில் பெட்டியோடு போகிறவர்கூட நின்று மோவாயால் வழி காட்டிவிட்டுப் போவார்.

ஆள் குள்ளம். லாரிப் படியில் கால் வைக்க ஒரு எம்பு எம்ப வேண்டும். குரலோ ஆளுக்குச் சம்பந்தமே இல்லாதது. எட்டு வருஷம் எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவளின் காதில் "பொண்ணுக்கு மூக்கு சப்பை" என்று ரகசியம் சொன்னால், மணமேடையில் இருக்கும் பெண் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். இதற்காக அவளிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு வாரத்துக்கு மேல் அந்தக் கோபத்தைக் காப்பாற்ற முடிந்தவர்கள் இல்லை.

அவள் லாரி ஏறிய கதை சுருக்கமானது. புருஷன் சென்னகேசவுலு சொந்த லாரிக்காரர். ஒரு தடவை காக்கிநாடாவுக்கு லோடு கொண்டுபோன இடத்தில், குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டோடு போன கிளீனர் போனவன் போனவன்தான். கேசவுலு தனியாகத் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் ஹைமாவதியைக் கடப்பையில் கட்டிக்கொடுத்திருந்த சமயம் அது. வீடு வெறிச்சென்று கிடந்தது.

"ஆள் கெடைக்கற வரைக்கும் நான் வர்றேன்யா" என்றாள் ரெட்டெம்மா.

ஆள் கிடைக்கவே இல்லை. கேசவுலு தேடினால்தானே கிடைப்பதற்கு.

கிளீனர் வேலை என்றால் என்ன? டயரைத் தட்டிப் பார்ப்பது, கண்ணாடி துடைப்பது, தார்ப்பாய் கட்டுவது. அதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி இடப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. சைக்கிள் வருகிறதா, மாடு நிற்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "வருது, இரு. வருது, இரு. இல்ல, போ." பின்னால் எடுக்கும்போது குதித்து இறங்கி, வண்டியின் பின்புறம் போய் நின்று, பலகையில் தட்ட வேண்டும். ரெண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு தட்டினால் நில். அந்த வேலையை ரெட்டெம்மா எப்படிச் செய்தாள் என்றால், ராய்ச்சூர் பக்கம் ஒரு புளியங்கிளை இடப்பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனபோது கேசவுலு புதுக் கண்ணாடி வாங்கவே இல்லை.

"நீ இருக்கும்போது கண்ணாடி எதுக்குடி" என்றார்.

அவருடைய வாயிலிருந்து வந்த அதிகபட்சக் கொஞ்சல் அதுதான். ரெட்டெம்மா அதை வெகு நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

லாரி ஓட்டவும் அதில்தான் பழகினாள். ஓங்கோல் தாண்டி ரோடு நேராகக் கோடு போட்ட மாதிரி போகிற இடத்தில், கேசவுலுவுக்குக் கண் சொக்கும்போதெல்லாம் உள்ளேயே நகர்ந்து இடம் மாறிக்கொள்வார்கள். அதற்கு முன்பே அண்ணனின் குட்டி யானை வண்டியில் வயலிலிருந்து மண்டிக்குத் தக்காளி ஓட்டியவள்தான் அவள். அதற்கான லைசென்ஸும் வைத்திருந்தாள். லாரிக்கு இல்லை. சட்டப்படி தப்பு என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். தூக்கம் சட்டம் பார்த்து வருவதில்லை என்பது கேசவுலுவின் கட்சி.

டிரைவிங் ஸ்கூல் என்ற பேச்சை எடுத்தால் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவர் கத்துக்கொண்டது, சின்ன வயதில் யாரோ ஒரு டிரைவரின் காலை அமுக்கிவிட்டும் அவர் வேட்டியைத் துவைத்துப் போட்டும். "ஸ்கூல்ல லாரி கத்துக்கிட்டவன் ஸ்கூலுக்குள்ளயே ஓட்டிக்கணும். ரோட்டுக்கு வரக்கூடாது" என்பார். ரெட்டெம்மாவும் தலையாட்டுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வாத்தியார் அவர்தான்.

லாரி ஏறிய எட்டாவது வருஷம் ஹைமாவதிக்குப் பிரசவம். ரெட்டெம்மா கடப்பைக்குப் போய் மூன்று மாதம் இருந்தாள். பேரனைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு, சம்பந்தியம்மாளோடு சண்டை வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினாள். கேசவுலு தனியாகவே பக்கத்து ஊர் லோடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். போனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு என்றார்.

திரும்பி வந்தவள் வாசலில் நின்ற லாரியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். வலப்பக்கம் அவள் விட்டுப்போனபடியே இருந்தது. இடப்பக்கம் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெயிண்ட் உரிந்து, பலகை பிளந்து, படி வளைந்து தொங்கியது. பால் சென்டர் சுவர், கரும்புச்சாறு வண்டியின் சக்கரம், மண்டி கேட்டின் தூண் என்று வரிசையாக உரசியிருந்தார். தூண் விழுந்தேவிட்டது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை.

"என்னய்யா இது?"

"ரோடு சின்னதாயிடுச்சு" என்றார் கேசவுலு.

ரெட்டெம்மா கிட்டே போய், அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். மற்றக் கையை முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எத்தனை விரல்?"

"ஒரு பொம்பளைக்கு எத்தனை இருக்கணுமோ அத்தனையும் இருக்கு."

"விளையாடாதய்யா. எத்தனை நீட்டியிருக்கேன்?"

அவள் ஒரு விரலையும் நீட்டவில்லை. கையை மூடித்தான் வைத்திருந்தாள். அது அவருக்குத் தெரியவில்லை.

திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, இடது கண்ணில் போன பார்வை திரும்பாது, வலது கண்ணிலும் ஓரம் மங்கத் தொடங்கியிருக்கிறது, இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? வருஷக்கணக்கில் அவருடைய இடது கண் செய்ய வேண்டிய வேலையை அவள்தானே செய்துகொண்டு வந்திருக்கிறாள். கண் அணைந்துபோனது கண்ணுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தபோது, ரெட்டெம்மாவுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று மூக்கைச் சிந்தி ஜலதோஷம் என்றாள்.

லாரி லைசென்ஸைப் புதுப்பிக்கும் தவணை அடுத்த மாதமே வந்தது. டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் நடக்காது. நடக்கவில்லை.

ரெட்டெம்மாவின் அண்ணன் கங்குலப்பா வந்து கேசவுலுவிடம் நியாயமாகத்தான் பேசினார். "ஒரு டிரைவரப் போடுங்க பாவா. அவன் ஓட்டட்டும். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா வீட்டுல இருங்க."

அவர் போன பிறகு ரெட்டெம்மா கேட்டாள்: "டிரைவர் வந்தா அவனோட கிளீனரும் வருவான். நம்ம கதி?"

"வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"லாரியிலயும் அதத்தானே பண்ணோம்?"

"லாரியில ரோட்டப் பாத்தோம்டி. அதனாலதான் சண்ட வரல."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் போக்கு மாறிவிட்டது. காலையில் எழுந்ததும் நிற்கிற லாரியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால் இங்கேயே கொண்டா என்பார். ஸ்டீரிங்குக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு கேழ்வரகுச் சங்கடியை உருட்டி உருட்டி, நிலக்கடலைப் பச்சடியில் தொட்டு, எதிரே இருக்கிற வேப்பமரத்தைப் பார்த்தபடி தின்பார். ரெட்டெம்மா வழக்கம் போல இடப்பக்கம் ஏறி உட்காருவாள். ஓடாத லாரியில் ரெண்டு பேரும் அப்படிச் சாப்பிட்டதைத் தெருவே பார்த்தது. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கலாம். அவளுக்கு அப்படி இல்லை. இந்த மனுஷன் இந்த சீட்டை விட்டு இறங்கினால் ரொம்ப நாள் தாங்கமாட்டார் என்று தோன்றிவிட்டது.

"நான் ஓட்டறேன். நீ கூட வா" என்றாள் ஒரு நாள்.

கேசவுலு கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். "லைசென்ஸ்?"

"எடுக்கறேன். சின்ன வண்டிக்குத்தான் இருக்கே. பெரிய வண்டிக்கு ஸ்கூல்ல சேந்து சர்டிபிகேட் வாங்கணுமாம்."

"ஸ்கூலா? நான் கத்துக் குடுத்தது பத்தாதா?"

"எனக்குப் பத்தும்யா. ஆபீஸ்காரனுக்குப் பத்தாதே."

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மஸ்தான்வலி முப்பது வயதுக்காரன். பொறுமைசாலி என்று பெயர். முதல் நாள் ரெட்டெம்மா ஸ்கூல் லாரியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பதறாமல் கியர் போட்டு நகர்த்தியதைப் பார்த்ததும் இந்த அக்காவுக்கு நாம் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த திருப்பத்துக்குள் கையைப் பிரித்து ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, எதிர்க்க வர்றவன் மடியில போய் உக்காருவீங்க போல. ஏன் வலது பக்கமே இழுக்கறீங்க?"

"இழுக்கலன்னா இடது பக்கம் போயிடுமே தம்பி."

"எந்த வண்டி?"

எந்த வண்டி என்றால், கேசவுலுவின் வண்டி. அது பிறவியிலேயே இடது பக்கம் இழுக்கிற வண்டி. எட்டு வருஷமும் அதை வலது பக்கம் இழுத்துப் பிடித்தே ஓட்டியிருக்கிறாள். அதோடு போனதா? மூன்றாவது கியர் போட்டதும் முழங்காலைக் கொண்டுபோய் கியர் கம்பியில் முட்டுக்கொடுத்தாள். எதற்கு என்றான் மஸ்தான். இல்லாவிட்டால் கியர் தானாகக் கழன்றுவிடும் என்றாள். இந்த வண்டியில் கழலாது என்று அவன் சொல்லச் சொல்ல, முழங்கால் தன்பாட்டுக்குப் போய் நின்றது. இடப்பக்கம் திரும்ப வேண்டியபோது சீட்டிலிருந்து பாதி எழுந்து, அவன் மடிமேலாகச் சாய்ந்து, இடது ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "இல்ல, போ" என்று தனக்குத் தானே பெருங்குரலில் கத்திக்கொண்டாள். மஸ்தானுக்குக் காது அடைத்துவிட்டது.

"அக்கா, அந்தக் கண்ணாடி எதுக்கு இருக்கு?"

ரெட்டெம்மா இடது கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பின்னால் வரும் பஸ் தெரிந்தது. எத்தனை தூரத்தில் வருகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்து அவள் செய்த காரியம் பொட்டு வைத்துக்கொண்டது மட்டும்தான்.

"என் வீட்டுக்காரர் இப்படித்தான் சொல்லிக்குடுத்தார்" என்றாள் வீம்பாக.

மஸ்தான் பெருமூச்சு விட்டான். "அண்ணா மேல தப்பு சொல்லலக்கா. உங்களுக்கு அண்ணா சொல்லிக்குடுக்கல. அந்த லாரிதான் சொல்லிக்குடுத்திருக்கு. அதுக்கு இருக்குற சீக்கு பூரா உங்களுக்கு ஒட்டிக்கிச்சு."

வீட்டுக்கு வந்தால் கேசவுலு லாரியில் உட்கார்ந்தபடியே கேட்பார்: "என்ன சொல்லிக்குடுத்தான் அந்தப் பய?"

"ஒண்ணும் புதுசா இல்லய்யா. எல்லாம் நீ சொன்னதுதான்" என்பாள் ரெட்டெம்மா. பொய் சொல்வதில் அவளுக்குச் சாமர்த்தியம் போதாது. அவர் ஒரு நாளும் மேற்கொண்டு கேட்டதில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. வளைந்து போகிற தடத்தில் ரெண்டு பக்கமும் கம்பு நட்டிருக்கும். வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்து, கம்பு சாயாமல் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். கேசவுலு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கம்பிவேலிக்கு வெளியே நின்றார். ரெட்டெம்மா முன்னால் ஓட்டிக் காட்டியது வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. முழங்காலைக்கூட அடக்கி வைத்திருந்தாள்.

பின்னால் எடு என்றார் இன்ஸ்பெக்டர். ரெட்டெம்மா கியர் போட்டாள். கொஞ்ச தூரம் எடுத்தாள். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து, குதித்து இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்புறம் நடந்தாள். அங்கே நின்று ரெண்டு கம்பையும் பார்த்தாள். பழக்கதோஷத்தில் பலகையில் ரெண்டு தட்டு தட்டினாள். வண்டி நகரவில்லை. எப்படி நகரும், ஓட்ட வேண்டியவள் இங்கே நிற்கிறாளே.

"எங்கம்மா போனீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பின்னாடி பாக்கத்தான் சார்."

"டெஸ்ட்டு உங்களுக்கா, உங்க காலுக்கா? போங்க, அடுத்த வாரம் வாங்க."

வரிசையில் நின்ற வாலிபர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ரெட்டெம்மாவும் சேர்ந்து சிரித்துப் பார்த்தாள், வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கேசவுலு இன்ஸ்பெக்டரின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டு வந்தார். "எறங்கிப் பாக்கறது தப்பா? பாக்காம எடுக்கறவன்தான் கொலைகாரன். அந்த ஆளுக்கு என்ன தெரியும்?"

"அந்த ஆள விடுய்யா" என்றாள் ரெட்டெம்மா. "எனக்குத்தான் தெரியல. எனக்குத் தெரிஞ்சது அரை லாரி. நீ அரை ஓட்டுவ, நான் அரை ஓட்டுவேன். முழுசா ஓட்ட எனக்கு வராது. ஸ்கூல்ல தினமும் திட்டு வாங்கறேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வலது பக்கம் இழுப்பது, முழங்கால், ஜன்னல், கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. லாரியின் சீக்கு என்று மஸ்தான் சொன்னதையும் சொன்னாள். பஸ்ஸில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் அப்படி. ஊர் வந்து இறங்கியதும் கேசவுலு வீட்டுக்கு வராமல் வேறு பக்கம் போனார். ரெட்டெம்மாவுக்குப் பயமாக இருந்தது. அவரை ஊர் பார்க்கக் குறைத்துப் பேசிவிட்டோமே என்று தன் வாயையே நொந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து லாரியின் அடியில் படுத்திருந்தான். கேசவுலு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இழுவையைச் சரிபண்ணு, மூணாவது கியர் கழலக்கூடாது என்று அதட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தில் ஒரு புதுக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதை அவரே மாட்டியிருந்தார். கொஞ்சம் கோணலாக இருந்தது.

"ஏறு" என்றார் ரெட்டெம்மாவிடம். "இந்தக் கண்ணாடியில நான் எங்க நிக்கறேன்னு சொல்லு."

அந்த வாரம் முழுக்க அதே வேலைதான். ஊருக்கு வெளியே மூடிக்கிடக்கும் கடலை மில் மைதானத்துக்கு மஸ்தான் வந்து லாரியைக் கொண்டுபோய் நிறுத்துவான், பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். கேசவுலு வண்டிக்குப் பின்னால் ஒவ்வொரு இடமாகப் போய் நிற்பார். ரெட்டெம்மா கண்ணாடியைப் பார்த்து, எத்தனை தூரம் என்று கத்த வேண்டும். தப்பாகச் சொன்னால் கெட்ட வார்த்தை. சரியாகச் சொன்னால் இன்னொரு இடம். கையில் சாட்டை மட்டும் இல்லை, மற்றபடி சர்க்கஸ்தான். "ஸ்கூல் பையன் என்ன சொல்றானோ அதையே செய். நான் சொன்னத மற" என்று ஒரு தடவை அவராகவே சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும் என்று ரெட்டெம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குப் பிடித்த பொரி உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் செய்து போட்டாள்.

ரெண்டாவது டெஸ்ட். அதே தடம், அதே கம்பு, அதே வேட்டியில் வேலிக்கு வெளியே கேசவுலு. ரெட்டெம்மா இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தே பின்னால் எடுத்துக்கொண்டு போனாள். வளைவில் திரும்பும்போது வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

"நில்லு. இடிக்குது, நில்லு."

முப்பது வருஷமாகப் பழகிய குரல். கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது. ரெட்டெம்மா கண்ணாடியைப் பார்த்தாள். கம்புக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். "நில்லுடி" என்று மறுபடியும் கத்தினார் கேசவுலு. அவள் காலை எடுத்துவிட்டு வண்டியை விட்டாள். ஒரு கம்பும் சாயவில்லை.

"யாருய்யா அது கத்தறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வீட்டுக்காரர் சார்" என்றாள் ரெட்டெம்மா.

"அவர் கத்தியும் நிக்காம எடுத்தீங்களே. பாஸ், போங்க."

வெளியே வந்தவளைக் கேசவுலு பார்த்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நான் நில்லுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சுய்யா."

"நிக்கலியே."

"எடம் இருந்துச்சு."

"எனக்கு இடிக்கற மாதிரிதான் தெரிஞ்சுது" என்றார். கோபமில்லாமல், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

லைசென்ஸ் வந்தது. கங்குலப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். மண்டியில் ராஜமுந்திரிக்கு லோடு பேசியாயிற்று. கிளம்புகிற நாள் காலையில் கேசவுலு, நான் வரவில்லை என்றார்.

"ஒரு நல்ல கிளீனரா வெச்சுக்கோ. நான் வந்து என்ன பண்ண? இல்லாததை இருக்குன்னுவேன், இருக்கறத இல்லன்னுவேன். அன்னிக்கு நீ நின்னிருந்தா ஃபெயில். ரோட்டுல நான் போன்னு சொல்லி நீ போனா என்ன ஆகும்?"

ரெட்டெம்மா கெஞ்சவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு, கங்குலப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனாள். அவர் இறங்கிக்கொண்டார், பெட்டிகள் ஏறின. தார்ப்பாய் கட்டியாயிற்று. வெயில் ஏற ஆரம்பித்தது. அவள் டிரைவர் சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்துகொண்டு, எஞ்சினைத் தொடாமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி ஏற்றுகிற ஓபுலேசு வந்து கதவைத் தட்டினான். "அக்கா, பழம் வெந்துடும். எடுக்கலாமே."

"என் கிளீனர் வரல."

"யாரு கிளீனர்?"

"வீட்டுல இருக்கார். போய்ச் சொல்லு, தக்காளி ரசமாகுதுன்னு."

கேசவுலு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பழம் கெடுவதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. ஓபுலேசு விடுவானா? "என்ன பாவா, புது வேலையாமே. டிரைவரம்மாவுக்கு டீ வாங்கியாரட்டுமா, நீங்களே போறீங்களா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேசவுலு அவனைக் கண்டுகொள்ளவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து, வளைந்த படியில் கால் வைத்து ஏறினார். அந்தப் பக்கமாக அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. எதைப் பிடித்து ஏறுவது என்று தெரியாமல் தடுமாறினார். ரெட்டெம்மா கை கொடுத்தாள்.

"தப்பா சொல்லிடுவேன்டி" என்றார் உட்கார்ந்ததும், மெதுவாக.

"தப்பா ஏன்யா சொல்ற? தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் கண்ணாடி பாத்துக்கறேன். உன்ன கண்ணுக்காகவா கூட்டிட்டுப் போறேன்?"

தெரியவில்லை என்று சொல்லுகிற மனுஷனா அவர்? ஒரிசாவில் வழி தப்பி, மொழி தெரியாத காட்டுக்குள் லாரி நின்றபோதுகூட, குறுக்கு வழி என்றுதான் சொன்னார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

மண்டி ரோடு முடிந்து ஹைவேயில் சேருகிற இடத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டும். எதிர்வெயில் கண்ணில் அடித்தது. ரெட்டெம்மா வேகத்தைக் குறைத்தாள்.

"இடப்பக்கம்?" என்றாள்.

கேசவுலு உடம்பை முழுதாகத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நல்ல கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். இல்ல, போ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டதை அவள் அவருடைய கழுத்து நரம்பிலேயே பார்த்தாள். அவர் அதை விழுங்கினார்.

"தெரியல" என்றார்.

ரெட்டெம்மா பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். கண்ணாடியில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. ரெண்டு பக்கமும் பால்கேன், நடுவில் ஒரு சின்னப் பெண் அப்பாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பைக் லாரியை ஒட்டி உரசினாற்போல் கடந்து போயிற்று. போகிற போக்கில் அந்தக் குழந்தை ஜன்னலிலிருந்த கேசவுலுவைப் பார்த்துக் கையாட்டியது. அவர் அது போன பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ரெட்டெம்மா அவசரப்படவில்லை. அவர் மறுபடியும் தலையை நீட்டி, நன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"இப்ப தெரியுது" என்றார் கேசவுலு. "ஒண்ணும் இல்ல, போ."

ரெட்டெம்மா கண்ணாடியையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.